ஏனுங்க, பில்ட் மெதுவா போகுதுங்க

எங்கள் ஆபீஸ் திருப்பூரில், மண்ணரைப் பகுதியில், ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் இருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். பஞ்சுத்தூசி படியேறி வந்து கீபோர்டுக்குள் குடியிருக்கும். நான் குண்டடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். எம்.சி.ஏ. படித்த பெண் பெங்களூருக்குப் போகாமல் திருப்பூரில் என்ன கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று ஊரில் கேட்பவர்களுக்கு, "பனியனுக்கு சாஃப்ட்வேர் எழுதறேனுங்க" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

நிஜமாகவே அதுதான் வேலை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஆர்டர் வந்தால், நூல் எங்கே இருக்கிறது, துணி சாயப்பட்டறையிலிருந்து திரும்பியதா, கட்டிங் முடிந்ததா, பெட்டி கப்பலுக்குப் போய்விட்டதா என்று காட்டும் ஒரு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் நாலே பேர். முதலாளி, முன்பு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்தவர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் பனியன் பற்றித் தெரியாதது கிடையாது. அடுத்து, தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோர ஊரிலிருந்து வந்த சீனியர் புரோகிராமர். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். மூன்றாவது, பல்லடத்துக்காரியான என் தோழி. நாங்கள் எழுதுவதைத் தட்டிக் கொட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்வது அவள் வேலை. நாலாவது நான்.

நாங்கள் எழுதிய துண்டு துண்டான புரோகிராம்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சரிபார்த்து, கஸ்டமரிடம் கொடுக்கிற மாதிரி கட்டி முடிப்பதற்கு பில்ட் என்று பெயர். மூலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் அதை மட்டும் செய்யும். நான் சேர்ந்த புதிதில் பில்ட்டைத் தட்டிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் முடிந்திருக்கும். பிறகு டீயோடு பஜ்ஜியும் தேவைப்பட்டது. பிறகு டீ, பஜ்ஜி, செய்தித்தாள், டீக்கடைக்காரரின் மகள் கல்யாணப் பேச்சு எல்லாம் முடித்து மேலே வந்து பார்த்தாலும் பச்சைக் கோடு பாதியில்தான் நிற்கும்.

காரணம் என்ன என்று ஆளுக்கொரு கட்சி. அண்ணன் என் ரிப்போர்ட்களைக் குறை சொன்னார். "நீ எழுதுன ரிப்போர்ட்டத் தூக்கிட்டா எல்லாம் பறக்கும், பாத்துக்க" என்பார். நான் தோழியின் டெஸ்ட்களைச் சொன்னேன். தோழி வாயே திறக்காமல் எங்கள் இருவர் பக்கமும் கையைக் காட்டினாள். முதலாளி ஒரு நாள் கம்ப்யூட்டரின் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"காச்சலாட்டம் சுடுதுங்க" என்றார். மறுநாள் ஒரு பெடஸ்டல் ஃபேன் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் காற்று. நாங்கள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பில்ட் ஒரு நிமிடமும் குறையவில்லை.

எனக்குச் சண்டை அலுத்துவிட்டது. ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பில்ட்டின் ஒவ்வொரு படியும் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் அது நேரத்தைக் குறித்துக்கொள்ளும். வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பது அதற்குத் தெரியும். ஏதாவது ஒரு படி வழக்கத்தைவிட ரொம்ப இழுத்தால், அந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் வேறு என்னென்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும். டிஸ்க் நிறைந்துவிட்டதா, வேறு எந்த புரோகிராமாவது குறுக்கே உட்கார்ந்திருக்கிறதா, நெட்வொர்க்கில் யாராவது எதையாவது அள்ளிக்கொண்டிருக்கிறார்களா. பார்த்துவிட்டு, இதுதான் காரணமாக இருக்கும் என்று ஒரு முடிவுக்கு வரும்.

வந்த முடிவை எங்களுக்கு எப்படிச் சொல்வது? திரையில் காட்டினால் பார்க்க ஆள் இருக்காது. பில்ட் மெதுவானால் எல்லோரும் டீக்கடையில்தான் இருப்போம். அப்போது முதலாளியிடம் ஒரு பழைய செல்போன் சும்மா கிடந்தது. அதைக் கேபிள் போட்டு கம்ப்யூட்டரோடு கட்டினேன். காரணம் தெரிந்தவுடன் எங்கள் நாலு பேருக்கும் எஸ்.எம்.எஸ். போய்விடும்.

முதலில் நான் எழுதிய மெசேஜ் இங்கிலீஷில், எல்லாம் பெரிய எழுத்தில், ஸ்டெப் ஏழு தாமதம் என்று இருந்தது. தோழி படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது என்னடி, கரண்ட்டைப் புடுங்க வர்ற ஆளாட்டம் பேசுது. மரியாதையாச் சொன்னா என்ன?"

"கம்ப்யூட்டருக்கு என்னடி மரியாதை?"

"வாங்கறது நாமதானே" என்று சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து எழுதினாள். இங்கிலீஷ் எழுத்தில், எங்கள் ஊர்த் தமிழில். ஏனுங்க, பில்ட் மெதுவா போகுதுங்க. காரணமுங்க, என்று வந்து, அதற்குப் பிறகு புரோகிராம் கண்டுபிடிக்கும் காரணம், அதுவும் அவள் எழுதிய வாசகத்தில்.

முதல் மெசேஜ் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு பேரும் டீக்கடை பெஞ்சில் இருந்தோம். நாலு போனும் ஒரே நேரத்தில் கூவின. எடுத்துப் பார்த்தால், "ஏனுங்க, பில்ட் மெதுவா போகுதுங்க. காரணமுங்க: வைரஸ் பாக்கற புரோகிராம் ஒவ்வொரு ஃபைலா தொறந்து பாத்துட்டு இருக்குதுங்க."

முதலாளி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "யாருங்க இந்த அம்மிணி, இத்தனை அழகாப் பேசறது?" என்றார்.

நான் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே மற்ற மூவரும். கீழ்த்தளத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் மெஷினை நிறுத்தி, ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்து நின்றார்கள். போய்ப் பார்த்தால் மெசேஜ் சொன்னது அப்படியே உண்மை. நாங்கள் டீ குடிக்கப் போகிற அதே நேரத்தில் வைரஸ் தேடும் வேலையை யாரோ என்றோ வைத்திருந்தார்கள். அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டினோம். பச்சைக் கோடு மளமளவென்று ஓடி முடிந்தது. நாலு பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். அண்ணன் என் பக்கம் திரும்பி, "சரி, உன் ரிப்போர்ட் தப்பு செய்யல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே எனக்குப் போதும். அன்று சாயங்காலம் குண்டடம் பஸ்ஸில் உட்கார இடமில்லை. தொங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டு போனேன்.

அன்றிலிருந்து அந்தப் புரோகிராமுக்குப் பெயர் அம்மிணி. எல்லோரும் அந்த நம்பரை அதே பெயரில் போனில் சேமித்துக்கொண்டோம். முதலாளி தானே கடைக்குப் போய், அந்தப் போனுக்கு எஸ்.எம்.எஸ். செலவு குறைய மெசேஜ் பூஸ்டர் ரீசார்ஜ் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்து அம்மிணி பிடித்தது முதலாளியைத்தான். அவர் அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஓனரோடு உட்கார்ந்து, எங்கள் சாஃப்ட்வேரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தாராம். ஆபீஸிலிருந்து கிளம்பும் முன்னால் தன் கம்ப்யூட்டரிலிருந்து சாம்பிள் பனியன் படங்களையெல்லாம் நெட்வொர்க்கில் இருந்த பொது ஃபோல்டருக்குக் காப்பி ஆகும்படி தட்டிவிட்டுப் போயிருந்தார். போன் கூவியது. ஓனர் எதிரிலேயே சத்தமாகப் படித்தார். "காரணமுங்க: முதலாளி கம்ப்யூட்டர்ல இருந்து படம் படமா வந்துட்டே இருக்குதுங்க. நெட்வொர்க்ல எடமில்லீங்க."

அந்த ஓனர் நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்தாராம். "ஏனுங்க, இதே மாதிரி எங்க சாயப்பட்டறையில துணி எதனால நிக்குதுன்னு சொல்லுமுங்களா?" ஆர்டர் கையில் வந்துவிட்டது. முதலாளி திரும்பி வந்து, தன்னைக் காட்டிக்கொடுத்த கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி கொளுத்தினார்.

இப்படியே ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். ஆனால் அம்மிணிக்கு அடங்கிப் பேசத் தெரியவில்லை. ஒரு நாள் மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள், கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ஓட, நெட்வொர்க் பெட்டி மட்டும் செத்துப்போய் பில்ட் நடுவில் நின்றுவிட்டது. அம்மிணி சொல்ல ஆரம்பித்தது. சொன்னதையே சொன்னது. மூச்சு விடாமல் சொன்னது. எங்கள் போன்கள் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நடந்து வந்தன. அண்ணன் தன் போனைத் தலையணைமாதிரி ஒரு பனியன் கட்டுக்குள் அமுக்கி வைத்தார்.

"ஒரு தடவ சொன்னா கேட்டுக்கிட மாட்டமா? இப்படியே கத்துனா நெஜமா ஒண்ணு ஆகும்போது எவனும் பாக்கமாட்டான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நான் மாற்றி எழுதினேன். ஒரு காரணத்துக்கு ஒரு மெசேஜ்தான். நாங்கள் யாரும் போய்ப் பார்க்காமல் ரொம்ப நேரம் ஆனால் மட்டும், இன்னும் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்குப் பிறகு சரியாகும்வரை வாய் திறக்கக் கூடாது. அந்த நினைவூட்டலுக்கு வாசகம் எழுதித் தரும்படி தோழியிடம் கொடுத்தேன். அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எழுதித் தந்தாள்:

"ஏனுங்க, இன்னும் காத்துக்கிட்டு இருக்கேனுங்க. நீங்க வர்ற வரைக்கும் நானா இனிப் பேசமாட்டேனுங்க."

"என்னடி இது, ரொம்ப உருகுது?" என்றேன்.

"இப்படிச் சொன்னாத்தான் ஆம்பளைங்க எந்திரிச்சு வருவாங்க" என்றாள். நானும் அப்படியே ஏற்றிவிட்டேன்.

அதற்குச் சில வாரம் கழித்து அண்ணனின் அம்மா ஊரிலிருந்து வந்தார்கள். ரிட்டையர்டு டீச்சர். மண்ணரையிலேயே அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் மகனுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுக்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு அண்ணன் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பில்ட் தானாக ஓடும்படி நான்தான் வைத்திருந்தேன். அது எங்கோ சிக்கிக்கொண்டது. விடுமுறை நாள் என்பதால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே அம்மிணி தன் நினைவூட்டலை அனுப்பியது.

போன் கூவியதும் டீச்சரம்மா எடுத்துப் பார்த்தார்கள். அனுப்பியவர் பெயர் அம்மிணி. ஏனுங்க, இன்னும் காத்துக்கிட்டு இருக்கேனுங்க.

எங்கள் பக்கம் பெண்டாட்டிகள் புருஷனை ஏனுங்க என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் தினமும் கேட்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் வந்து உட்கார்வதற்குள் டீச்சரம்மா படியேறி வந்துவிட்டார்கள். வெள்ளைச் சேலை, கையில் குடை. பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அண்ணன். டீச்சரம்மா நேராக முதலாளியிடம் போனார்கள்.

"இங்கன அம்மிணின்னு ஒரு பிள்ள வேல பாக்காளா?"

முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். "எங்கூர்ல எல்லாப் புள்ளைகளும் அம்மிணிதானுங்க. நீங்க உக்காருங்க மொதல்ல."

"எம்மா, நான் சொல்லுதேன்லா, அது பிள்ள இல்ல. புரோகிராமு" என்றார் அண்ணன்.

"புரோகிராம் காத்துக்கிட்டு இருக்குமாக்கும்? நீ வர்ற வரைக்கும் பேசாதாக்கும்? நான் முப்பது வருஷம் பிள்ளைகளோட பொய்யக் கேட்டவ. இத விட நல்ல பொய்யா அஞ்சாங்கிளாஸ் பையன் சொல்லுவான்."

நான் உதவிக்குப் போனேன். மூலையில் இருந்த கம்ப்யூட்டரையும் அதோடு கேபிளில் தொங்கிய போனையும் காட்டினேன். பில்ட் என்றால் என்ன, மெதுவானால் இது எப்படிச் சொல்லும் என்று விளக்கினேன். டீச்சரம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். "சரி. இப்பம் என் கண்ணு முன்னால சொல்லச் சொல்லு" என்றார்கள்.

அவர்களுடைய போன் நம்பரையும் சேர்த்துவிட்டு பில்ட்டைத் தட்டிவிட்டேன். பச்சைக் கோடு ஓடியது. ஒரு தடங்கலும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு ஓடி முடிந்தே போனது. எத்தனையோ மாதம் கெஞ்சியும் வேகமாக ஓடாத பில்ட், நின்று தொலைய வேண்டிய அன்றைக்கு முயலாக ஓடியது. நாங்கள்தான் எல்லாக் காரணத்தையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்திருந்தோமே.

"எங்க மெசேஜு?" என்றார்கள் டீச்சரம்மா.

"மெதுவாப் போனாத்தானுங்க வரும்" என்றேன். எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது.

"அப்ப மெதுவாப் போக வைங்க" என்றார் முதலாளி. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் தன் கம்ப்யூட்டரில் இருந்த பனியன் படங்கள் அத்தனையையும் காப்பி போட்டார். நான் வைரஸ் தேடலைத் தட்டிவிட்டேன். அண்ணன் டிஸ்க்கை நிரப்ப எதையெதையோ அள்ளிக் கொட்டினார். தோழி மட்டும் அசையாமல் தன் நாற்காலியில் இருந்தாள். "ஃபேனையும் நிறுத்துங்க" என்று முதலாளி கத்தினார். ஃபேனுக்கும் பில்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவருக்குச் சொல்ல அது நேரமில்லை. நிறுத்தினோம்.

மறுபடி பில்ட். பச்சைக் கோடு நகர்ந்தது, தயங்கியது, நின்றது. கம்ப்யூட்டர் உள்ளே கரகரவென்று முனகியது. இவ்வளவு ஆசையோடு ஒரு பில்ட் நிற்பதை நாங்கள் பார்த்ததில்லை. தோழியைத் தவிர மற்ற நாலு பேரும் அதைச் சுற்றி நின்றிருந்தோம். பிறகு ஐந்து போனும் ஒன்றாகக் கூவின.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் வாசிக்கிறமாதிரி வாசித்தார்கள். "ஏனுங்க, பில்ட் மெதுவா போகுதுங்க. காரணமுங்க: வைரஸ் தேடறாங்க, படம் அனுப்பறாங்க, டிஸ்க்கும் நெறஞ்சு போச்சுங்க." நிமிர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். "அட, சத்தியமா இதுதான் பேசுது" என்றார்கள்.

முதலாளி கையே தட்டிவிட்டார். அண்ணன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். கதை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்து நான் வைரஸ் தேடலை நிறுத்தப் போனேன்.

"இத எழுதுனது யாரு?" என்று டீச்சரம்மா கேட்டார்கள்.

"நான்தானுங்க" என்றேன் பெருமையாக.

"மிஷின் வேலையக் கேக்கல. இந்த வார்த்தய."

"அது இவளுங்க" என்று தோழியைக் காட்டினேன்.

டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார்கள். தோழி எழுந்து நின்றாள். காது வரைக்கும் சிவந்து போயிருந்தது. டீச்சரம்மா அவளைப் பார்த்தார்கள், மகனைப் பார்த்தார்கள். அவர் கீபோர்டில் இல்லாத பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கேபிளில் தொங்கிய போனை யாரும் பார்க்கவில்லை.

"காத்துக்கிட்டு இருக்கேன்னு எழுதுனதும் நீதானாம்மா?"

"ஆமாங்க" என்றாள் தோழி.

"யாருக்கு எழுதுன?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன்தான் எழுந்தார். "எம்மா, நானே ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல. அவ சொல்லச் சொல்லிக்கிட்டுதான் இருக்கா" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒரே அறை, ஒரே டீக்கடை, ஒரே பஜ்ஜித் தட்டு. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? டீக்கடைக்காரருக்கே தெரியுமுங்க" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நான் அவரை அண்ணா அண்ணா என்று வாய்க்கு வாய் கூப்பிட்டபோது தோழி ஒரு முறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏனுங்க என்றுதான் சொல்வாள். எங்கள் ஊரில் டீக்கடைக்காரரையும் கண்டக்டரையும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறோம் என்பதால் எனக்கு உறைக்கவில்லை. அந்த நினைவூட்டலை நாலு பேருக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் எழுதிக் கொடுத்தாள். அது ஒருவருக்கு மட்டும் எழுதியது. ஒவ்வொரு முறை பில்ட் நிற்கும்போதும் நான் எழுதிய புரோகிராம் அவளுக்காகப் போய்ச் சொல்லியிருக்கிறது. டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமையே சரியாகத்தான் படித்திருக்கிறார்கள்.

டீச்சரம்மா தோழியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார்கள்.

"எந்தச் சபை?"

தோழி சொன்னாள்.

"அப்பா என்ன செய்தாவ?"

"நிட்டிங் கம்பெனில ஃபிட்டருங்க."

"பாட்டுப் படிப்பியா, சர்ச் கொயர்ல?"

"ஆல்ட்டோ குரல்ல பாடுவேனுங்க."

டீச்சரம்மா தலையை ஆட்டினார்கள். பிறகு மகனைப் பார்த்து, "எய்யா, இந்தப் பிள்ள இவ்வளவு மரியாதையாக் காத்துக்கிட்டு இருக்கு. நீ பஞ்சு பொறுக்கிக்கிட்டு இருக்க. போ, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா" என்றார்கள்.

அவர் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிய சத்தம் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் தோழியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடக்கி வைத்த சிரிப்பு முதலில் அவளுக்கு வந்ததா எனக்கு வந்ததா தெரியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். "என்கிட்டச் சொல்றதுக்கென்னடி?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். "உனக்குத்தான் முதல்ல எழுதிக் கொடுத்தேன், நீ ஏத்திட்டுப் போயிட்டே" என்றாள்.

கல்யாணம் அடுத்த வருஷம் மாப்பிள்ளை ஊரில் நடந்தது. அதற்குள் சாயப்பட்டறைக்கும் ஒரு அம்மிணியை எழுதியிருந்தோம். புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களை ஆபீசில் விட்டுவிட்டு நாங்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் வேன் பிடித்துப் போனோம். சர்ச்சில் தோழி வெள்ளைச் சேலையில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. டீச்சரம்மா முன் வரிசையிலிருந்து திரும்பி முறைத்தார்கள்.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போனோம். நான் அதற்கு முன் கடல் பார்த்ததில்லை. குண்டடத்தில் மழைத் தண்ணீரே வருஷத்துக்குச் சில நாள்தான் தேங்கும். இவ்வளவு தண்ணீர் தானாக எழுந்து என்னை நோக்கி வருகிறது என்பதை நம்ப முடியவில்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். தையல்காரப் பெண்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலாளி மட்டும் இறங்கவில்லை. எல்லோருடைய போன்களையும் இரண்டு கையிலும் சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு மணலில் நின்றார். முழங்கால் அளவில் அலை வந்து அடித்தபோது, அவர் கையில் இருந்த போன்கள் கூவின போலிருக்கிறது. அவர் ஒன்றை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தார். பிறகு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். காரணமுங்க என்பது வரைக்கும் கேட்டது. மீதி அலையில் போய்விட்டது. நான் அவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன்.